ஒற்றை டிக்

ஆக்சிலியாவை எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? நான் அம்பகரத்தூரில் பிறந்தவள். மனதில் பட்டதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கத் தெரியாது. காரைக்காலில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் அவசரப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் நான், பெயர் தாமரைச்செல்வி. அவள் மாடியில் ஏசி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவள். நாங்கள் கீழே ரத்தத்தையும் வாந்தியையும் துடைத்துக்கொண்டு நிற்போம். இவள் படியிறங்கி வந்து, தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு கேட்பாள்.

“சிஸ்டர், ஸ்கிரீன் ஒழுங்கா வருதா?”

“வருதும்மா.”

“சட்டுன்னு வருதா, கொஞ்சம் யோசிச்சி வருதா?”

“நல்லாத்தான் வருது. நீ இப்புடிக் கேட்டுக் கேட்டுத்தான் அது நிக்கப் போவுது. போ, போயி உன் வேலயப் பாரு.”

போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள். பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் ஏற மாட்டாள். இடி இடித்தால் மேசைக்கடியில் போகாத குறை. கேன்டீனில் டீ வாங்கினால் முதலில் மேசை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பாள். எங்கள் வார்டுப் பெண்கள் அவளுக்கு ‘அய்யோம்மா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் கட்டி வைத்திருந்த ஏற்பாட்டை எனக்குப் புரிந்த மட்டில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு கட்டடம். பெரியது காரைக்காலில். சின்னது எல்லைக்கு அந்தப் பக்கம், பொறையாரில். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, அதை எப்போது கொடுத்தோம் என்பதெல்லாம் தாளை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அந்தப் பதிவு இரண்டு கட்டடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓரிடத்து எந்திரம் படுத்துக்கொண்டால் இன்னோரிடத்து எந்திரம் உடனே எழுந்து வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் இதற்குக் கேட்ட விலையைக் கேட்டதும் அறக்கட்டளைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆக்சிலியாதான் எல்லோருக்கும் திறந்து கிடக்கிற டேட்டாபேஸ் ஒன்றை இறக்கி, மூன்று எந்திரங்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராகக் கட்டினாள்.

காரைக்கால் எந்திரத்துக்குப் புதுச்சேரி மின்சாரம். பொறையார் எந்திரத்துக்குத் தமிழ்நாட்டு மின்சாரம். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் இருக்கும் என்பது அவள் கணக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் சாயங்காலமானால் எல்லை தாண்டி நம் ஊருக்கு எதற்கு வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எல்லையை இப்படி உருப்படியாகப் பயன்படுத்தியது இவள் ஒருத்திதான் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மூன்றாவது ஒரு சின்னப் பெட்டி. அதில் நோயாளிகளின் பதிவு எதுவும் கிடையாது. அதற்கு ஒரே வேலை, ஓட்டுப் போடுவது. பெரிய எந்திரங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனால், பெட்டியின் ஓட்டு யாருக்குக் கிடைக்கிறதோ அந்த எந்திரம்தான் எழுதலாம். மற்றது வாயை மூடிக்கொள்ளும். பெட்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், தனியாக மாட்டிக்கொண்ட எந்திரம் தானாகவே எழுதுவதை நிறுத்திவிடும். திரை சாம்பல் நிறமாகிவிடும். பழையதைப் படிக்கலாம், புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது. அந்தப் பெட்டியை வைக்க மருத்துவமனை வேறு இடம் தரவில்லை. வரிச்சிக்குடியில் தன் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா பிலோமின்ராஜ், பெயிண்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர், அதற்குக் காவல்.

ஒருநாள் நான் சண்டைக்கே போய்விட்டேன். “எப்பவும் கெடைக்கும்னு சொல்லித்தானே இதக் கட்டுன? அதுவே போயி ஓரமா நின்னுக்கும்னா என்னாடி அர்த்தம்? அவசரத்துக்கு ஒதவாத மெஷினு எதுக்கு?”

அவள் டீயை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “மெஷின் செத்துப் போனா எனக்குப் பயமில்ல சிஸ்டர். செத்துட்டுதுன்னு நாம முடிவு பண்ணுனது உசுரோட இருந்தாத்தான் பயம்.”

“என்னா பேச்சு இது?”

“எங்கப்பாவ நாங்க அடக்கம் பண்ணிட்டோம் சிஸ்டர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுத்தானே அவர் சைக்கிளில் வந்து அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனார்!

அவள் சொன்ன கதை இது. சுனாமி வந்த காலையில், அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அப்பா கிறிஸ்துமஸ் பலகாரம் எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வரவில்லை. தேடினார்கள். எந்தத் தகவலும் இல்லை. கடைசியில் வரிசையாகப் போட்டிருந்த உடல்களில் ஒன்றை அவள் அம்மா லூர்தம்மாள் அடையாளம் காட்டினார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. கைலியும் உயரமும் சரியாக இருந்தன. பூசை வைத்து அடக்கம் செய்தார்கள். வீட்டை அம்மா பெயருக்கு மாற்றி, அதில் பாதியைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் அப்பா, தலையில் கட்டோடு, எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவே அலறிக்கொண்டு ஓடியது. சித்தப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டுக்காக அன்று தொடங்கிய சண்டை பேச்சுவார்த்தை இல்லாமல் போகிற அளவுக்கு முற்றியது.

“சத்தம் வரலன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தமில்ல சிஸ்டர். எங்கம்மா பொய் சொல்லல. தெரியாதுன்னு சொல்ல அவங்களால முடியல, அவ்ளோதான். அந்தக் குழியில கெடக்குறது யாரு வீட்டு ஆளுன்னு இன்னிக்கி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.”

ஆனாலும் அவள் பயத்தை எந்திரத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த டேட்டாபேஸைச் செய்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். அது எங்கெங்கே உடையும் என்பதைக்கூட அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அத்தனையையும் இவள் ஒன்றுவிடாமல் படித்திருந்தாள். படித்தால் தூக்கம் வருமா?

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். பொறையார் கட்டடத்தில் முத்தமிழ் என்ற பையன் அங்குள்ள எந்திரத்தைப் பார்த்துக்கொண்டான். எல்லாம் அறுந்துபோய் இரண்டு பக்கமும் சாம்பல் திரையில் நின்றால், ஆளே கைவைத்து ஒரு பக்கத்தை எழுப்ப முடியும். அப்படி எழுப்பும் முன் இருவரும் போனில் நேராகப் பேச வேண்டும். தன் எந்திரம் இனி எழுதாது என்பதற்கு “நான் உக்காந்துட்டேன்” என்று ஒருவர் சொல்ல வேண்டும். “நீ உக்காந்துட்ட, நான் எந்திரிக்கிறேன்” என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “எந்திரிங்க” என்று முதல் ஆள் முடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருதரம் இதை ஒத்திகை பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். வார்டில் நாங்கள்கூட ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிச் சிரிப்போம்.

கார்த்திகை மாதத்து மழை ஒன்று அந்தச் சிரிப்பை நிறுத்தியது. முதல்நாளே காற்று எடுத்துவிட்டது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. அந்தப் பக்கம் காலை வரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே மழைக்கு இரண்டு உத்தரவு, எல்லையில் குடியிருந்தால் அப்படித்தான். என் வீட்டுக்காரர் செம்பியன் பொறையாரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். “பத்துப் புள்ள வந்தாலும் பாடம் நடத்தணும்ல” என்றார். “ஆமா, நீங்க போவலன்னா கணக்கு அழுவும்” என்று சொல்லி அனுப்பினேன்.

நடுப்பகலில் காற்று பேயாக வீசியது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் விழுந்து, கம்பங்களையும் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின. வரிச்சிக்குடிப் பெட்டியும் பொறையார் எந்திரமும் ஒன்றாகக் கண்ணிலிருந்து மறைந்தன. எங்கள் திரைகள் சாம்பலாகிவிட்டன.

வார்டில் அன்று கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், வண்டியோடு சறுக்கி விழுந்தவர்கள், மூச்சுத் திணறலோடு வந்தவர்கள். யாருக்கு எதை ஏற்றினோம் என்று பதிய வழியில்லை. நிர்வாக அதிகாரி மாடிக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார். போன் போகவில்லை. செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. இடையில் ஒரு நிமிஷம் சிக்னல் வந்து போனது. அந்த ஒரு நிமிஷத்தில் ஆக்சிலியாவின் போனுக்கு முத்தமிழின் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்திருக்கிறது. “அக்கா, நான் உக்காந்துட்டேன். நீங்க எந்திரிங்க.”

அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அவன் குரல்தான். சொன்னதும் சரியான வார்த்தைகள்தான். போனில் நேராகப் பேசவில்லை என்பது ஒன்றுதான் குறை. கீழே ஜனங்கள் கத்துகிற சத்தம் மாடி வரை கேட்டிருக்கும். “சரி, நான் எந்திரிக்கிறேன்” என்று பதில் அனுப்பிவிட்டுக் காரைக்கால் எந்திரத்தைக் கைவைத்து எழுப்பிவிட்டாள். எங்கள் திரைகள் பளிச்சென்று வந்தன. “அய்யோம்மா வாழ்க!” என்று ஒரு பெண் கத்தினாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அஜ்மீர் ஓட்டுகிற எங்கள் ஆம்புலன்ஸ் பொறையாரிலிருந்து வந்து நின்றது. கதவைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சரில் என் வீட்டுக்காரர்.

வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. என்னைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். ஏதோ சத்தம் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாக இப்படி வருகிறவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அன்று தள்ள வேண்டிய நானே ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“வகுப்புல போர்டுல எழுதிக்கிட்டே இருந்தாராம்க்கா. சாக்பீஸ் கீழ வுழுந்துச்சாம், அதோட சாஞ்சிட்டாராம்” என்றான் அஜ்மீர்.

டாக்டர் சஃபியுல்லா ஓடி வந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போடப் போட நல்லது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மூளையில் கொஞ்சம் செத்துக்கொண்டே போகும். ஆனால் ஒரு தடவைதான் போடலாம். இரண்டாவது தடவை போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்து ஆள் முடிந்துவிடுவார்.

டாக்டர் திரையைப் பார்த்தார். பொறையாரில் எடுத்த ஸ்கேன் இருந்தது. ஊசி போடச் சொன்ன உத்தரவு இருந்தது. ‘கொடுக்கப்பட்டதா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

“அங்க ஒரு ஊசி போட்டாங்க டாக்டர். எதுக்குன்னு எனக்குத் தெரியாது” என்றான் அஜ்மீர்.

“இதப் போட்டிருந்தா ஏத்தியிருப்பாங்களே. அது வேற ஊசியா இருக்கும். பேப்பர் எதுவும் குடுத்தாங்களா?”

“இல்ல டாக்டர். எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், அங்க பாத்துக்குவாங்கன்னு அந்த டாக்டர் சொன்னாரு.”

“அப்பன்னா சரி. ஸ்கிரீன்ல இல்லன்னுதானே இருக்கு. சிஸ்டர், மருந்த எடுங்க. இல்ல, நீங்க வேணாம், ஒதுங்கிக்குங்க.”

“வேற யாரு இருக்கா டாக்டர், நானே எடுக்குறேன்” என்றேன். அவருடைய எடையைக் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். ஊசியில் மருந்தை ஏற்றிக் காற்றைத் தட்டி வெளியேற்றினேன். கை நடுங்கவில்லை. அந்த நேரத்தில் நான் மனைவி இல்லை, நர்ஸ்தான்.

“போடாதீங்க!”

ஆக்சிலியா. தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. நடு வார்டில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

“சிஸ்டர், ஸ்கிரீன நம்பாதீங்க. நான் அனுப்புன பதிலுக்கு இன்னும் ஒத்த டிக்குதான் இருக்கு. அவனுக்குப் போவல. அவன் அனுப்புனது எனக்கு வந்துடுச்சின்னு அவனுக்குத் தெரியாது. அவன் போன்லயும் ஒத்த டிக்குதான் நின்னிருக்கும். போயே சேரலன்னு நெனச்சிட்டு அவன் மறுபடி எந்திரிச்சிருக்கலாம்.”

“ஆக்சிலியா, இப்ப வெளயாட்டுப் பேச்சு பேசாத. இங்க கெடக்குறது யாருன்னு பாத்தியா?”

“பாத்தேன் சிஸ்டர்.” அஜ்மீர் பக்கம் திரும்பினாள். “அந்த டாக்டர் கம்ப்யூட்டர்ல எப்ப ஏத்துனாரு?”

“வண்டி கெளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடிக்கா. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்.”

“கேபிள் அதுக்கு ரொம்ப முன்னாடியே அறுந்துடுச்சி டாக்டர். இந்த ஸ்கேனும் ஆர்டரும் அறுவறதுக்கு முன்னாடி வந்தது. அந்த நேரத்துல அவரால ஏத்த முடிஞ்சிருக்குன்னா, அங்கயும் மெஷின் எந்திரிச்சிருக்கு. இப்ப ரெண்டும் எந்திரிச்சி நிக்கிது. அவரு என்னமோ எழுதியிருக்காரு. அது இங்க வரல. ஊசி போட்டாச்சின்னு எழுதினாரா, போடலன்னு எழுதினாரான்னு எனக்குத் தெரியாது. இந்த ஸ்கிரீனுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டுது, அவ்ளோதான்.”

டாக்டர் சஃபியுல்லா கையைத் தாழ்த்தினார். நான் தாழ்த்தவில்லை. ஊசி என் கையில் மேலே பார்த்தபடி இருந்தது.

“டாக்டர், நேரம் போவுது.”

“தெரியுது சிஸ்டர். ஏற்கெனவே போட்டிருந்தா நீங்க இப்பப் போடறது அவரக் கொன்னுடும்.”

“ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரியாதா?”

“அந்த டெஸ்ட் இங்க இல்ல.”

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது கையில் ஒரு துளை. முழங்கை மடிப்பில் இன்னொன்று. ரத்தம் எடுத்ததா, சலைன் ஏற்றியதா, அந்த ஊசியா? துளையைப் பார்த்து யாரால் என்ன சொல்ல முடியும்? அவர் இடது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘காளியாத்தா, ஒண்ணு சொல்லு, போட்டாச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு’ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“நான் போயிப் பாத்துட்டு வரேன்” என்றாள் ஆக்சிலியா. இடிக்குப் பயந்து மேசைக்கடியில் போகிறவள். அஜ்மீர் சாவியை எடுத்தான். அவள் குடைகூட எடுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தை எப்படிச் சொல்வது? நான் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலை அசைக்கச் சொன்னேன். முதலில் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். அப்போதும் அந்தச் சனியனின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டில் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. டாக்டர் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். என்னை அவருக்குத் தெரியும்.

போட்டிருந்து நாம் மறுபடி போட்டால் செத்துப்போவார். போடாமலிருந்து நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் கண்ணெதிரே பாதி ஆள் போய்விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். வெளியே ஒவ்வொரு கிளை முறியும் சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அந்த வண்டிமேல் மரம் விழுந்துவிட்டால்? அவள் வராமலே போய்விட்டால்? அவள் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் நாசமாய்ப் போகட்டும் என்றும் அதே வாயால் சொன்னேன்.

டாக்டர் ஒரு கட்டத்தில் சொன்னார், “இன்னும் கொஞ்ச நேரந்தான் சிஸ்டர். அதுக்கப்புறம் போட்டும் பிரயோசனமில்ல.”

அவள் வந்தாள். பூவத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மரம் விழுந்து வண்டி போகவில்லை. அங்கேயிருந்து பொறையாருக்கு நடந்து போய், நடந்து திரும்பி, வண்டி ஏறி வந்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே எல்லாம் சேறு. வாசலில் நின்றே கத்தினாள்.

“போடல! போடல டாக்டர்! பிரஷர் ரொம்ப ஏறியிருந்துச்சாம். அதக் கொறைக்கத்தான் ஊசி போட்டாங்களாம். இத நம்மளப் போட்டுக்கச் சொல்லி எழுதியிருக்காரு.”

டாக்டர் போட்டார். நேரம் விளிம்பில் இருந்தது. நான் எழுந்து ஆக்சிலியாவின் முன்னால் போய் நின்று, வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் நனைந்த தலையோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு மாடிக்குப் போய் இரண்டு எந்திரங்களையும் நிறுத்துகிற வேலையைத் தொடங்கினாள்.

செம்பியன் பிழைத்துக்கொண்டார். பேச்சு பாதி வந்தது. வலது கை வரவில்லை. சாக்பீஸைக் கொடுத்தால் பிடிப்பார், எழுத முடியாது. சீக்கிரம் போட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் ஆக்சிலியா படுக்கை படுக்கையாக வந்து நின்றாள். இரண்டு எந்திரங்களும் தனித்தனியே எழுதிய இரண்டு கதையில் எது நிஜம் என்று ஒவ்வொரு நர்ஸையும் நோயாளியையும் கேட்டுக் கேட்டு ஒன்றாக்க வேண்டும். ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு எழுதியிருந்தது. ஒரே ரத்தப் பையை இங்கே ஒருவருக்கும் அங்கே ஒருவருக்கும் ஒதுக்கியிருந்தது. அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனை முழுக்க ஒரே பேச்சுத்தான். “ஸ்கிரீன் சரியாத்தானேங்க சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணு பயந்து சாவலன்னா வாத்தியாரு கை நல்லா இருந்திருக்கும்.” நானும் அதைத்தான் சொன்னேன். என்னைவிடச் சத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நிர்வாக அதிகாரி, இனி திரை சாம்பலானால் வார்டிலேயே எழுப்பிக்கொள்ள ஒரு பட்டன் வைத்துவிடலாம் என்றார். பதிவுகளை ஒன்றாக்கி முடித்த மறுநாள் ஆக்சிலியா வேலைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வரிச்சிக்குடிக்குப் போனேன். சமாதானம் பேசப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை பாக்கியிருந்தது, அதற்குத்தான் போனேன். பிலோமின்ராஜ் ஐயா கதவைத் திறந்து, “வாங்க சிஸ்டர், உக்காருங்க” என்றார். அவள் உள்ளேயிருந்து வந்து நின்றாள். நான் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் அப்பவே போட்டிருந்தா சரியா இருந்திருக்கும்ல?”

“இருந்திருக்கும் சிஸ்டர்.”

“அவரு கை இன்னிக்கி நல்லா இருந்திருக்கும்ல?”

“இருந்திருக்கலாம்.”

“அப்ப நீ சொன்னது தப்புதானே?”

“எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன் சிஸ்டர்.”

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாக்கு சொல்லக் கூடாதா? ஒரு மன்னிப்பாவது கேட்கக் கூடாதா? நின்றுகொண்டு உண்மையைச் சொல்கிறாளே! திட்ட வாயைத் திறந்தேன். தட்டில் கிடந்த அந்த ஊசிதான் கண்முன் வந்தது.

நான் போட்டிருப்பேன். அவள் ஒரு நிமிஷம் தாமதித்து வந்திருந்தால் போட்டு முடித்திருப்பேன். அவர் நல்லபடியாக எழுந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு திரையில் ஒன்றை நம்பினேன், அது தற்செயலாக நிஜமாக இருந்தது என்பது எனக்குத் தெரியவே தெரிந்திருக்காது. என் துணிச்சலால்தான் பிழைத்தார் என்று ஊர் பூராவும் சொல்லியிருப்பேன். அடுத்த மழையில் இன்னொருத்தியின் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். அவருக்கு அந்தப் பக்கத்தில் ஊசி போட்டிருப்பார்கள். என் திரை ‘இல்லை’ என்று காட்டியிருக்கும். நான் நடுங்காத கையோடு போட்டிருப்பேன். அவர் செத்துப்போயிருப்பார், நோய்தான் கொன்றது என்று அவர் மனைவிக்கு நானே ஆறுதலும் சொல்லியிருப்பேன்.

இவ்வளவும் அந்த வீட்டு நடுவில் நிற்கும்போது எனக்குப் புரிந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. பிலோமின்ராஜ் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். பாதி தண்ணீர் என் புடவையில் கொட்டியது.

“வார்டுல பட்டன் வைக்கப் போறாங்களாம்” என்றேன்.

“கேள்விப்பட்டேன் சிஸ்டர்.”

“நாளைக்கி வேலைக்கி வந்துருடி.”

“என்னால முடியாது சிஸ்டர். ஒரு வாய்ஸ நம்பி நான்தான எழுப்புனேன். ஸ்கிரீன் பக்கம் போவவே பயமா இருக்கு.”

“எனக்குந்தான் பயமா இருக்கு. அதுக்குத்தான் உன்ன வரச் சொல்றேன்.”